முப்பத்தேழு வீட்டு வெத்தலை

குமரேசா, கண்ணு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகன் பிரபு பல் டாக்டர் படிப்பு முடித்து காங்கேயத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்துவிட்டான். போன மாசம் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். வலிக்கவே இல்லை என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன், கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அவன் தங்கச்சி கீர்த்தனா பேங்க் பரிட்சையில் மூன்றாவது தடவையில் தேறி, கண்ணாடிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். உன் சின்னவன் கவின் கபடியில் மாவட்டத்துக்கு ஆடி, முழங்கால் தோல் இல்லாமல் கோப்பையோடு வந்தான். உன் மூத்தவள் அபிநயா பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. முதல் சம்பளத்தில் எனக்குச் சீலை எடுப்பாள் என்று பார்த்தால், காது கேட்கிற மெஷின் வாங்கி வந்து தன் கையாலேயே மாட்டிவிட்டாள். அந்த மெஷின் இல்லாவிட்டால் இந்தக் கடுதாசியே இருந்திருக்காது, அதைப் பின்னால் சொல்கிறேன். எல்லாருக்கும் மேலே நீ. வாடகை ஷெட்டில் ரெண்டு மெஷினோடு ஆரம்பித்தவன், இன்றைக்கு நெருப்பெரிச்சல் ஊரில் உனக்கென்று ஒரு கட்டடம், வாசலில் உன் பேர் எழுதின போர்டு. நீ தைத்து அனுப்புகிற பனியனைப் போட்டுக்கொண்டு பேர் தெரியாத ஊரில் ஏதோ ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. அஞ்சாவதோடு நின்றவள் நான். உங்களை நினைத்துப் பெருமைப்படுவதற்கு எனக்குக் கூச்சமே கிடையாது.

அந்தப் பெருமைதான் இப்போது என்னைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறது. இன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயித்துக்கிழமை உன் மாநாடு. நடுவில் ரெண்டே நாள். ஃபோனில் சொல்லலாம்தான். ஆனால் ஃபோனில் நீ "அம்மா, அப்புறம் கூப்பிடறனுங்க" என்பாய், நானும் "சரி கண்ணு, சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவேன். நாற்பத்தெட்டு வருசமாக உன்னிடம் நான் அப்படித்தான். அதனால் எழுதுகிறேன். இதை மறைத்தும் எழுதவில்லை. லீவுக்கு வந்திருக்கிற அபிநயாதான் இதை உன்னிடம் கொண்டுவந்து தருவாள். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இது உன் கையில் மட்டும் இருக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, நம் ஒரம்பரைகள், சொந்தபந்தம் அத்தனை பேரும் இருக்கிற அந்த வாட்ஸப் குரூப்பில் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். மாநாட்டுக்கு நான் வெத்தலை வைத்து அழைத்ததும் எல்லாருக்கும் தெரியத்தான் அழைத்தேன்.

நீயும் மருமகளும் அழைப்பிதழ் கொண்டுவந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்தது, மேலே பிள்ளையார், நாலு மூலையிலும் மஞ்சள். உள்ளே ஒரு பக்கம் கோட்டுப் போட்ட நீ. இன்னொரு பக்கம் மணிவிழா அன்றைக்கு மாலையோடு எடுத்த படத்தில் உங்கய்யனும் நானும். கீழே, குத்துவிளக்கு ஏற்றி வைப்பவர் என்று என் பேர். அச்சில் என் பேரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "மாநாடுன்னா என்ன கண்ணு, கட்சியா?" என்று கேட்டேன். "கட்சி இல்லைங்கம்மா, முதலீடு. காயின்னு புதுசா வந்திருக்குதுங்க. கையில புடிக்க முடியாது, ஃபோன்லயே இருக்கும். போட்டு வெச்சா வளரும்." உங்கய்யன் பேப்பரை மடக்காமலே, "வளர்றதுக்கு அதென்ன நாத்தா?" என்றார். நீ சிரித்தாய். "ஏனுங்கய்யா இப்படி. கோயமுத்தூர்ல பண்ணிட்டாங்க, சென்னைல பண்ணிட்டாங்க. நம்ம ஊர்லதான் இன்னும் யாரும் பண்ணலை. நாமதான் முதல்." அந்த நாமதான் முதல் என்ற வார்த்தையில் நான் விழுந்தேன் கண்ணு. மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருமகள் தண்ணீர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் நின்றாள். அதையும் பார்த்தேன், அதையும் கேட்கவில்லை.

குரூப்பில் இதைப் படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் அருமைக்காரர் என்று ஒருவர் நின்று சீர்களைச் செய்து வைப்பார். அவர் சம்சாரம் பொண்ணுக்கு வேண்டிய சீர்களைச் செய்வாள். பிள்ளை குட்டியோடு நல்லபடியாகப் பொழைத்தவர்களைத்தான் அதற்குக் கூப்பிடுவார்கள். உங்கய்யனும் நானும் முப்பது வருசத்துக்கு மேலாக அதைச் செய்கிறோம். குன்னத்தூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் நான் சீர் செய்து அனுப்பின பொண்ணு ஒருத்தி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். அதனால் என் கையால் வெத்தலை பாக்கு வாங்கினால் அது வெறும் அழைப்பு இல்லை. வாங்கினவர்கள் வந்தே ஆகவேண்டும். அதைவிட, நான் நின்று செய்கிற காரியம் நல்ல காரியம் என்று அவர்கள் நம்பியாக வேண்டும்.

அப்படித்தான் முப்பத்தேழு வீட்டுக்குப் போனேன். உங்கய்யன் மொபெட்டை ஓட்ட, நான் பின்னால் மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு. புதுச்சீலை வேறு எடுத்தேன், அரக்கு நிறம், விளக்கு ஏற்றுகிறபோது நெருப்பு வெளிச்சத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று. போன இடத்தில் என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு, "எம்மகன் பெருசா ஒண்ணு ஆரம்பிக்கறானுங்க, மதியச் சோறு இருக்குது, எல்லாருக்கும் பனியன் குடுக்கறான், குடும்பத்தோட வந்துருங்க" என்றேன். பனியன் உன் கம்பெனியிலேயே தைத்தது, நெஞ்சில் மஞ்சளாக ஒரு வட்டக் காசு. அது என்ன காசு, யார் அடித்த காசு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானே கேட்காதபோது அவர்கள் எதற்குக் கேட்கப் போகிறார்கள்.

போன ஞாயித்துக்கிழமை அந்தக் காயின் கம்பெனியின் பெங்களூர்க்காரர்கள் ரெண்டு பேரைச் சாப்பிடக் கூட்டி வந்தாய். நல்ல பிள்ளைகள், சோற்றைச் சிந்தாமல் சாப்பிட்டார்கள். கை கழுவ நீங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் போனீர்கள். நான் சமையல்கட்டில் ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். முன்னே மாதிரி என்றால் எனக்கு ஒன்றும் காதில் விழுந்திருக்காது. அபிநயா மாட்டிவிட்ட மெஷின் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டது. கண்ணாடி போட்டவர் சொன்னார்: "கோயமுத்தூர்ல ஹால் ஃபுல் சார், ஆனா ஒவ்வொருத்தனும் எழுந்து நூறு கேள்வி. இந்த மாதிரி ஊர்ல அந்தத் தொல்லை இல்லை. அம்மா போட்டோ இருக்குதில்ல, ஒருத்தனும் வாயைத் தொறக்க மாட்டான்." நீ சொன்னாய்: "ஆமாங்க சார். எங்கம்மா வெத்தலை வெச்சா ஊரே வருமுங்க." நீ அதைப் பெருமையாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். என் மகன் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசிக் கேட்டு, அடுப்பை அணைக்கக் கை வராமல் நின்றேன். ரசம் பொங்கி வழிந்தது. துடைத்துவிட்டு வந்து பரிமாறினேன்.

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த செல்லமணி, சொம்பை நீட்டின கையோடு சொன்னாள், "இந்த வாரத்தோட சரிங்க பெரிம்மா. பாலுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க." "ஏன் அம்மணி?" என்றேன். "மாட்டைக் குடுத்தர்றனுங்க. ஞாயித்துக்கிழமை காத்தாலை புரோக்கர் வர்றாரு. அந்தக் காசை அப்பிடியே மண்டபத்துக்குக் கொண்டாந்து உங்க மகன் சொல்ற காயின்ல போட்டர்றேன்." "எதை நம்பிப் போடறே?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதானுங்க வெத்தலை வெச்சீங்க."

செல்லமணியை உனக்குத் தெரியும், அவள் தனியாக இருப்பதும் தெரியும். ஏன் தனியாக இருக்கிறாள் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. உங்கய்யனுக்குக் கூட முழுசாகச் சொன்னதில்லை. அவள் கல்யாணத்துக்குச் சீர் செய்து வைத்தவர்கள் நாங்கள்தான். உறுதி வார்த்தை பேசி வெத்தலை மாற்றின அன்றைக்கு, மாப்பிள்ளை ஊர்க்காரி ஒருத்தி என்னிடம் ஓரமாக வந்து, "பையன் நல்லவன்தான், சாயங்காலம் ஆச்சுன்னா மட்டும் ஊட்டுல இருக்கறவங்களுக்குக் கண்டம்" என்றாள். நான் அதை விசாரித்திருக்க வேண்டும். தட்டு கை மாறிவிட்டது, பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது, இனிமேல் போய் நான் எப்படி வாயைத் திறப்பது, அருமைக்காரியம்மா கல்யாணத்தைக் கலைத்தாள் என்று பேர் வருமே என்று பேசாமல் இருந்துவிட்டேன். வருசம் திரும்புவதற்குள் அந்தப் பொண்ணு ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். வலது கை அன்றிலிருந்து முழுசாக நீளாது. பால் ஊற்றும்போது பார், இடது கையால்தான் ஊற்றுவாள். அவள் அப்பன் ஆத்தா போனபிறகு ஒரு கன்னுக்குட்டியை வாங்கி வளர்த்து, அதன் வம்சத்தில்தான் இத்தனை வருசம் சோறு தின்கிறாள். இன்றைக்குக் கட்டுத்தறியில் நிற்கிறது அதன் பேத்தி. தெரிந்தும் வாயை மூடியிருந்த என்னை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் வாசலில் நின்றதும் மறுபடியும் அதே கையிலிருந்து வெத்தலை வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு மத்தியானம்தான் உனக்கு ஃபோன் போட்டேன். நான் வியாக்கியானம் கேட்கவில்லை கண்ணு. உன் தொழிலில் நான் பார்த்த ஒன்றைத்தான் கேட்டேன். "இந்தக் காயினை யாரு கண்ணு செக்கிங் பண்ணினாங்க?" "எல்லாரும் போடறாங்கம்மா." "எல்லாரும் போடறது சரி. நீ போட்டதை ஒருக்கா எடுத்துப் பார்த்தியா?" "இப்ப எடுக்க முடியாதுங்க. ஒரு வருசம் லாக்ல இருக்கும்." "லாக்குன்னா பூட்டுத்தானே. சாவி யாருகிட்ட இருக்குது?" உனக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்னே எல்லாம் அந்தச் சத்தத்தில் உன் பேச்சே கேட்காது, இப்போது ஒவ்வொரு மெஷினாக எண்ணிவிடலாம் போல இருந்தது. ஆர்டர் குறைந்துபோனதை நீ எங்களுக்குச் சொல்லவில்லை. மருமகள் ஏன் வாய் திறக்காமல் நின்றாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "மீட்டிங் இருக்குதுங்கம்மா" என்று வைத்துவிட்டாய். திரும்ப நான் போட்டேன், நீ எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் எடுக்கவில்லை.

உனக்கு ஊசிக்கோடு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இருபத்தாறு வயசு, முதல் பெரிய ஆர்டர். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி பழுதாகி, துணி நெடுக முடி கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருந்தது. பெட்டியெல்லாம் ஒட்டி லாரிக்கு ஏற்றத் தயாராக இருந்தபோது செக்கிங்கில் இருந்த ஒரு பொம்பளை மட்டும் வந்து, "சார், வெளிச்சத்துக்கு நேரா புடிச்சாத் தெரியுதுங்க" என்றாள். மற்றவர்கள் எல்லாம் விடுங்க, கடல் தாண்டிப் போறதை யார் பார்க்கப் போறாங்க என்றார்கள். உங்கய்யன் கூட அப்படித்தான் சொன்னார். நீ பெட்டியை அறுக்கச் சொன்னாய். தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பீஸாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். நானும் வந்து உட்கார்ந்தேன், கண்ணு எரிந்தது. அந்த வருச நோம்பிக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. ஆனால் சரக்கு வாங்கின அந்த பையர் இன்றைக்கும் உன்னிடம்தான் வருகிறான் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். முடி கனக் கோட்டுக்குப் பெட்டியை அறுத்தவன், ஒரு வருசம் பூட்டியிருக்கிற ஒன்றைச் சாவி கேட்காமல் நம் ஒரம்பரைகள் தலையில் எப்படிக் கட்டுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. பயத்தில்தான் என்று நினைக்கிறேன். பயந்தவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. அந்தக் காயின் நல்லதாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் என் பேச்சே. தெரியாத ஒன்றுக்கு என் முகத்தைப் போட்டு வெத்தலை வைத்தேன், அது என் தப்பு. அந்த முகத்தை நீ கேட்டது உன் தப்பு.

வெத்தலை வைத்தால் திரும்ப வாங்குகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. அப்படி ஒரு சீரை நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. அதனால் நானே ஒன்று வைத்துக்கொண்டேன். நேற்றுக் காலையில் வெறும் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். உங்கய்யன் மொபெட்டை உதைத்துக்கொண்டே, "அழைக்கறதுக்கு ஒருக்கா பெட்ரோல், அழைச்சதைக் கலைக்கறதுக்கு ஒருக்கா பெட்ரோல். உம்மகனை இதுக்கு ஒரு காயின் குடுக்கச் சொல்லு" என்றார். முகம் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் வாசலிலேயே நின்று, "அன்னைக்கு நான் வெச்ச வெத்தலையைத் திரும்பக் கேக்க வந்திருக்கறனுங்க. சோறுண்ண வாங்க, பனியன் வாங்கிக்கோங்க, ஆனா என்னை நம்பி ஒரு பைசா போடாதீங்க. எனக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்றேன். ரெண்டு நாளில் இருபத்தாறு வீடு. சில பேர் சரிங்க என்றார்கள். ஒருத்தர் கதவைப் பாதிதான் திறந்தார். ஆயிக்கவுண்டன்பாளையத்து வழியில் இருக்கிற அந்தப் பெரியவர் ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்காமலே கேட்டார்: "அப்ப உங்க மகன் ஏமாத்தறானுங்களா?" தெருவில் நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், "இல்லீங்க. எம்மகன் ஏமாத்தறவன் இல்லீங்க. என்னை மாதிரியே அவனும் கேக்காம வெத்தலை எடுத்துக்கிட்டவன்." அதைச் சொல்லிவிட்டு மொபெட்டுக்கு வந்தேன். உங்கய்யன் இறங்கி வந்து ஏற்றிவிட்டார்.

செல்லமணி வீட்டுக்குத்தான் முதலில் போனேன். மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள், விற்கப் போகிற மாட்டை அப்படிக் கழுவுவார்களா என்று தெரியவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இந்தத் தடவை முன்னாடியே வந்துட்டீங்களே பெரிம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருபத்து நாலு வருசமாக அவள் என்னைக் கேட்காமல் வைத்திருந்தது அந்த ஒரு வரியில் இருந்தது. நான் அங்கேயே சாணி மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க வேண்டாங்கறீங்க. உங்க மகன் நேத்துக்கூட ஃபோன்ல போடுங்க அக்கான்னாரு. நான் யாரை நம்பறதுங்க? அவரே கூப்பிட்டு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், புரோக்கரைத் திருப்பி அனுப்பிடறேன். சொல்லலைன்னா மாடு போகுமுங்க. எனக்கும் வயசாகுது, கை வலிக்குது, எத்தனை காலத்துக்குச் சாணி அள்ளறது?" அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு வெசனம் தாங்கவில்லை.

இப்போது கேட்டுக்கொள். நான் விளக்கு ஏற்றப் போவதில்லை. அரக்குச் சீலையை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டேன். ரோட்டோரம் கட்டியிருக்கிற ஃப்ளெக்ஸில் எங்கள் படத்தை எடுத்துவிடு. மாநாட்டை நிறுத்து என்று சொல்ல எனக்கு அறிவு பத்தாது, அது உன் காரியம். ஆனால் ஞாயித்துக்கிழமை நான் மண்டபத்துக்கு வருவேன். மேடைக்கு இல்லை. வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்து வரவேற்கிற மேஜைக்குப் பக்கத்தில், பழைய சீலையில், தாம்பாளத்தோடு நிற்பேன். மீதி இருக்கிற பதினோரு வீட்டுக்காரர்களுக்கும், நான் சொல்லியும் கேட்காமல் வருகிறவர்களுக்கும், உள்ளே போகிறதுக்கு முன்னால் ஒருமுறை சொல்வேன். உன் பெங்களூர்க்காரர்கள் யாராவது என்னை நகரச் சொன்னால் நகரமாட்டேன். நீ சொன்னாலும் நகரமாட்டேன். எல்லார் முன்னாலும் உன்னை அப்படி நிறுத்த எனக்கு ஆசையா கண்ணு? நீ அவர்களிடம் கேள்வி கேட்டு, சாவி யாரிடம் என்று உன் வாயாலேயே மேடையில் சொல்லிவிட்டால், நான் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதற்கு முன்னால் செல்லமணிக்கு ஒரு ஃபோன். புரோக்கர் காலையில் ஏழு மணிக்கு வருகிறான். நீ சனிக்கிழமையே கூப்பிட்டுவிடு. கம்பெனி எப்படி இருந்தாலும் சரி, பெட்டியை மறுபடியும் அறுக்க வேண்டியிருந்தால் நானும் உங்கய்யனும் வந்து தரையில் உட்காருவோம். இப்போது கண்ணும் சரியில்லை, முட்டியும் மடங்காது. ஆனாலும் உட்காருவோம்.

கடைசியாக ஒன்று. அழைப்பிதழோடு உன் கோட்டுப் படத்தைப் பெரிசாக ஃபிரேம் போட்டு, முன்கூடத்து ஆசாரத்தில் மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாய். மாட்டவில்லை, கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறேன். பிரபுவும் கீர்த்தனாவும் கவினும் அபிநயாவும் வரிசையாக இருக்கிறார்கள், நடுவில் உனக்கு இடம் விட்டு ஆணி அடித்திருக்கிறது. ஞாயித்துக்கிழமை என்ன நடந்தாலும் சரி, திங்கக்கிழமை கம்பெனிக்குப் போய் செக்கிங் மேஜைக்குப் பக்கத்தில், வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்று புதுசாக ஒரு படம் எடுத்துக்கொள். சட்டையில் நூல் ஒட்டியிருந்தால் தட்டாதே. ஃபோனில் அனுப்பாதே, ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவித் தபாலில் போட்டுவிடு.